சர்க்கரை போடாத ஆப்பிளும் ஓவனுக்குள் இருந்த டப்பாவும்

சான் ரமோனில் நாங்கள் வீடு வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மா சமையலறையில் ஓவனின் கதவைத் திறந்து, இதில் இரண்டு வான்கோழிகளை ஒரே நேரத்தில் வேகவைக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார். என் மனைவி குனிந்து உள்ளே பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், "நல்ல ஆழம்ங்க. இட்லி குக்கர் போகும்" என்றாள். அன்றோடு அந்த ஓவனின் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

இட்லி குக்கர் போனது. அதைத் தொடர்ந்து பணியாரக்கல், முறுக்கு அச்சு, கைப்பிடி போன தோசைக்கல், எந்த டப்பாவுக்கும் பொருந்தாத மூடிகள் ஆகியவையும் குடியேறின. எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் ஓவன் என்பது கதவு வைத்த அலமாரிதான். அதில் நெருப்பு வரும் என்பதே சிலருக்கு மறந்துபோயிருக்கும். எனக்கும் மறந்துதான் போயிருந்தது. அதனால்தான் போன அக்டோபரில் அதற்குள் ஒரு டப்பா மைசூர்பாகை ஒளித்துவைத்தேன்.

ஏன் ஒளிக்கவேண்டி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார். கிரீன் கார்டுக்காகப் பல வருடம் காத்திருந்து வாங்கியவனை மறுபடியும் பார்டரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. என் மனைவி வருத்தப்படவில்லை. அவள் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் குழுவுக்குத் தலைவி. எதில் என்ன தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சாப்பாடு போடும் தொழில். பல வருடங்களாக அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்துவந்ததற்கு இப்போது ஒரு லேப் ரிப்போர்ட்டே ஆதாரமாகக் கிடைத்துவிட்டது.

அன்று மாலையே வீட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம், தேன், எல்லாம் எங்கோ போய்விட்டன. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்து ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. காபி கசந்தது. நான் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் காபியின் உண்மையான ருசியைத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்த அமளியில் ஒன்றும் பேசவில்லை. தமிழில் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அந்த வாரம் ஆங்கிலமும் வரவில்லை. சோபாவில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சர்க்கரை வியாதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் இனிப்பைத் தொடுவதில்லை என்று அந்தக் கணமே சத்தியம் செய்துகொண்டேன்.

அந்தச் சத்தியம் பத்து நாள் நின்றது. கோயம்புத்தூருக்கு விடுமுறையில் போய் வந்த ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கென்று ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்தார். வாயில் வைத்தால் நெய்யாகக் கரைந்துபோகிற ரகம். ஏழு கடல் தாண்டி ஒருவர் சுமந்து வந்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதையாக இருக்குமா? வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது ஓவனைத் திறந்து, இட்லி குக்கருக்குள் டப்பாவை வைத்து மூடினேன். பன்னிரண்டு துண்டு. வாரத்துக்கு ஒன்று வீதம் சாப்பிட்டால் டிசம்பர் வரை வரும் என்று கணக்குப் போட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்பார்களே, எனக்கு ஓவன் கதவை மூடியதும் அப்படித்தான் இருந்தது.

அடுத்து ஆப்பிள் வந்தது.

அக்டோபர் பிறந்தால் இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு ஆப்பிள் பறிக்கப் போயாக வேண்டும். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பை தருவார்கள். பை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் நமக்கு. இந்த விதியை எழுதியவர் எங்களைப் போன்றவர்களைச் சந்தித்திருக்க மாட்டார். அரிசிப் படியைக் குலுக்கிக் குலுக்கி நிரப்புவதுபோல என் மனைவி பையைக் குலுக்கி, இடுக்குகளில் சின்னப் பழமாகத் தேடிச் செருகி, மேலே கோபுரமும் கட்டினாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஆறு ஆப்பிளோடு சந்தோஷமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் மகள் எங்களைத் தெரியாதவள்போல நான்கு மரம் தள்ளி நின்றாள். மரத்தடியில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டு, மூன்று பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று பை ஆப்பிளை என்ன செய்வது? ஆப்பிள் ரசம் வைத்தாள். ஆப்பிள் ஊறுகாய் போட்டாள். ஆப்பிள் துவையலும் அரைத்தாள். அதைப் பற்றி எழுதி யாருக்கு என்ன லாபம்? ஒரு வாரம் கழித்தும் பிரிட்ஜைத் திறந்தால் ஆப்பிள்தான் உருண்டது. அப்போதுதான் என் மகள் வாய் திறந்தாள்.

"அப்பா, நீ சாப்பிடக்கூடிய ஒரு டெசர்ட் கண்டுபிடிச்சிருக்கேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆப்பிள் கிரிஸ்ப்பாம். நறுக்கிய ஆப்பிளைத் தட்டில் பரப்பி, மேலே ஓட்ஸும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறித் தூவி, ஓவனில் மொறுமொறுவென்று சுட்டெடுப்பது. இலையுதிர் காலத்தில் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் செய்வார்களாம். அவள் அதைப் பிரித்து மேய்ந்து திருத்தி எழுதியிருந்தாள். சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. ஆப்பிளின் தோலைச் சீவக் கூடாது, நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. வெண்ணெய் இரண்டே ஸ்பூன். பாதாம் பொடி, வால்நட், பட்டைப்பொடி, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. இதை ஒரு தாளில் வண்ணப் பேனாவால் எழுதி பிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள். எனக்காக ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். 'நீ சாப்பிடக்கூடிய' என்ற சொல்லிலேயே நான் உருகிவிட்டேன்.

என் மனைவி தாளைப் படித்தாள். "சரி, டெஸ்ட் பண்ணிடலாம்" என்றாள்.

அவளுடைய நிபந்தனை இதுதான். சாப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை மீட்டரில் பார்க்கவேண்டும். ஒரு கிண்ணம் கிரிஸ்ப் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நூற்று நாற்பதுக்குள் இருந்தால் எனக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கிண்ணம் உண்டு. அதோடு, தீபாவளி அன்று மட்டும் இரண்டு இனிப்புக்கு அனுமதி. நூற்று நாற்பதைத் தாண்டினால் தீபாவளிக்கும் ஒன்றும் கிடையாது.

"ஒண்ணுமேவா?" என்றேன்.

"லேகியம் உண்டு" என்றாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அதிரசம் இல்லாத தீபாவளியை நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் ஒரு ஆப்பிளை நம்பி எந்த மனிதனும் இருந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. மகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முடியை உச்சியில் முடிந்துகொண்டு நின்றாள். முதல் வேலையாக, "அப்பா, ஓவனை ப்ரீஹீட் பண்ணணும்" என்றாள். உள்ளே எதுவும் இல்லாமல் முன்கூட்டியே சூடேற்ற வேண்டுமாம்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது எனக்கு. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓவன் பக்கம் நடந்தாள். "இருங்க, உள்ள இருக்கறதை எல்லாம் நான் எடுத்துடறேன்."

"நீ ஏன் சிரமப்படற? நான் எடுக்கறேன்."

அவள் நின்றுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் சிரமப்படுவதைப் பற்றி நானாகவே கவலைப்பட்டது அதுதான் முதல்முறையாக இருக்கவேண்டும். "என்ன புதுசா?" என்றாள்.

"குக்கர் கனமா இருக்கும். அதுல ஒண்ணும் இல்ல, வெறும் குக்கர்தான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையை நினைத்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளையின் கஷ்டம் புரிந்தது. நல்லவேளை, மகள் ஆப்பிள் எங்கே என்று கேட்க, மனைவி திரும்பினாள். நான் இட்லி குக்கரைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், பழைய சைக்கிளுக்குப் பின்னால் வைத்தேன். அதன் பிறகு பணியாரக்கல்லும் முறுக்கு அச்சும் மூடிகளும் நிதானமாக வெளியே வந்தன. கடைசியில் ஒரு மூலையில் ஓவனின் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடைத்தது. மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சமையல் ஆரம்பித்தது. நான் ஆப்பிளை நறுக்கினேன். சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கியே பழகிய கை. மகள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, இதை மெல்லியதாக நறுக்கவேண்டும், மரம் வெட்டுவதுபோல வெட்டக்கூடாது என்றாள். இதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இதுல கொஞ்சம் கருப்பட்டி போட்டா என்ன? அது நேச்சுரல்தானே."

"கருப்பட்டி சர்க்கரைதாங்க" என்றாள் மனைவி.

"அது கருப்பா இருக்கே."

"பேன்ட் சட்டை மாத்திட்டு வந்தா மீட்டருக்கு அடையாளம் தெரியாதா?"

அடுத்து நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, பேரீச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக மனுப் போட்டேன். ஒவ்வொன்றும் தள்ளுபடியானது. நம் ஊரில் எதற்கும் 'நாட்டு' என்று முன்னால் போட்டுவிட்டால் அது மருந்தாகிவிடும். என் மனைவியிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

நானும் மகளும் ஓட்ஸையும் பாதாம் பொடியையும் வெண்ணெயையும் விரல் நுனியால் பிசிறினோம். புட்டுக்குப் பிசிறும் பதம்தான். அதை நான் சொன்னதும் அவள் சிரித்தாள். கையெல்லாம் பட்டைப்பொடி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மண்ணில் விளையாடியதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கையை அழுக்காக்கிக்கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இடையிடையே கராஜும் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

நாற்பது நிமிடத்தில் வீடு முழுக்க வாசனை எழுந்தது. பட்டையும் ஆப்பிளும் வால்நட்டும் சூடேறிய வாசனை. பதினோரு வருடம் சும்மா கிடந்த அந்த ஓவன் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மனைவி என் விரலைக் குத்தினாள். நூற்று ஒன்று. குறித்துக்கொண்டாள். சரியாக இரண்டு மணிக்கு ஒரு கிண்ணம் எனக்குக் கிடைத்தது.

மோசமாக இருக்கும் என்றுதான் மனதுக்குள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆப்பிள் குழைந்து தன் இனிப்பைத் தானே கொண்டுவந்திருந்தது. மேலே மொறுமொறுப்பு. ஓரத்தில் தட்டோடு ஒட்டி முறுகியிருந்த பகுதி எல்லாவற்றையும்விட ருசி, தோசையின் ஓரம்போல. வழித்துச் சாப்பிட்டேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குடா கண்ணு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே!

இதோடு நான் சோபாவில் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கவேண்டும். தூங்கியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

மூன்றேகால் மணிக்குக் குப்பை போடுவதற்காகக் கராஜுக்குப் போனேன். குப்பைதான் போடப் போனேன், சத்தியமாக. ஆனால் குக்கர் அங்கே இருந்தது. டப்பா பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பொறுப்புள்ள மனிதன் செய்யும் காரியம்தானே? திறந்தேன். அதே நேரத்தில், பாதி திறந்திருந்த கராஜ் கதவுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளை ஸ்னீக்கர் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு அங்கிள். ஈரோட்டிலிருந்து மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருப்பவர். வேட்டியின் மேல் ஸ்வெட்டரும் தலையில் மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டு தினமும் மூன்று மணிக்கு நடக்கப் போவார். முப்பது வருடமாகச் சர்க்கரை உள்ளவர். மைசூர்பாகை முப்பது அடி தூரத்திலிருந்தே மூக்கால் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, நெய் வாசம் வருதுங்களே" என்று குனிந்து உள்ளே வந்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ன செய்வான்? டப்பாவை நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "மருமவளுக்குத் தெரிஞ்சா அடுத்த பிளேன்ல ஏத்திருவா" என்றார் நிம்மதியாக. "நீங்க சாப்பிடலீங்களா?"

நாலு மணிக்கு டெஸ்ட் இருப்பதைச் சொன்னேன். அவர் கையை அலட்சியமாக வீசினார்.

"அட, முப்பது வருசம் இதோட குடும்பம் நடத்தறவன் சொல்றேன் கேளுங்க. இப்ப வாயில போட்டது ரத்தத்துல போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க. நாலு மணிக்குப் பாத்தா ரெண்டு மணிக்குத் தின்னதுதான் காட்டும். இதுக்கு அஞ்சேகால் ஆவும். அப்ப யாரு பாக்கறா?"

எவ்வளவு தெளிவான கணக்கு! ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். நான் இன்ஜினியரிங் படித்தவன். கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டேன். நம்பவேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு அவ்வளவு போதும். ஒன்று சாப்பிட்டேன். ஒன்றோடு நிறுத்துவது மைசூர்பாகுக்கு மரியாதை இல்லை. மூன்று சாப்பிட்டேன்.

நாலு மணி. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மகள் தன் தாளைக் கையில் வைத்திருந்தாள், பக்கத்தில் எண்ணை எழுதுவதற்கு. மனைவி விரலைக் குத்தினாள். மீட்டர் யோசித்தது. பிறகு காட்டியது.

நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"ஃபெயில்" என்றாள் மனைவி. சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவளும் மனதுக்குள் ஆப்பிள் பக்கம்தான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் எனக்கு அங்கிள்மேல் கோபம் வந்தது. அடுத்ததாக, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது. தீபாவளி இனிப்பு போய்விட்டது, சரி. மைசூர்பாகு பற்றி யாருக்கும் தெரியாது. பழி ஆப்பிளின்மேல் போயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? டப்பாவில் இன்னும் நிறையத் துண்டு இருந்தது. ஆப்பிளுக்கு மானம் மரியாதை ஏது, போகட்டும் என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

என் மகள் அந்த எண்ணைத் தாளில் எழுதினாள். எழுதிவிட்டு, வண்ணப் பேனாவால் தலைப்பில் எழுதியிருந்த 'ஹெல்தி' என்ற சொல்லின்மேல் மெதுவாக ஒரு கோடு போட்டாள். அப்புறம் என்னிடம், "ஐ ஆம் சாரி, அப்பா. என்னால உனக்கு சுகர் ஏறிடுச்சு" என்றாள். முதல் பாதி ஆங்கிலம், மறுபாதி தமிழ். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அதற்கு மேல் தாங்க முடியுமா? நூற்றுத் தொண்ணூற்று மூன்றும் எனக்கு அப்போது நெஞ்சில் ஏறியது.

"ஆப்பிள் இல்லடா" என்றேன். "மைசூர்பாகு."

மனைவி மிகவும் மெதுவாக, "என்ன மைசூர்பாகு?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூர் நண்பர், இட்லி குக்கர், சைக்கிளுக்குப் பின்னால், மூன்று துண்டு. அங்கிளை மட்டும் சொல்லவில்லை. வயதானவர், பாவம், திடீரென்று பிளேன் ஏற்றிவிட்டால் என்ன செய்வார்? மனைவி எழுந்து கராஜுக்குப் போய் டப்பாவோடு வந்தாள். எண்ணினாள்.

"பன்னெண்டுன்னு சொன்னீங்க. ஆறு இருக்கு."

"போன வாரம் ரெண்டு..."

"ஒண்ணு குறையுதே."

"அது கொஞ்சம் உடைஞ்சிருந்தது" என்றேன். அங்கிளுக்காக நான் சொன்ன பொய் அது. நட்புக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

அவள் டப்பாவை மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மகளைத் திரும்பிப் பார்த்து, "டெஸ்ட் செல்லாது. என்விரான்மென்ட் சரியில்ல. அடுத்த சண்டே ரீடெஸ்ட்" என்றாள். மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மீதி மைசூர்பாகு திங்கட்கிழமை மனைவியின் ஆபீசுக்குப் போயிற்று. அங்கே எல்லாரும் ரொம்பப் பாராட்டினார்களாம். மாலையில் வந்து ஒவ்வொருவர் சொன்னதையும் விவரமாக எனக்குச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கிரிஸ்ப் செய்தோம். இந்த முறை சாப்பிட்ட இரண்டு மணி நேரமும் ஒருத்தி என் வலது பக்கமும் ஒருத்தி இடது பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பாத்ரூமுக்குப் போனபோது மகள் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாக அங்கிள் நடந்துபோவது தெரிந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போனார். நாலு மணிக்கு மீட்டர் நூற்று இருபத்தாறு காட்டியது. மகள் துள்ளிக் குதித்தாள். நானும் குதித்தேன்.

"அப்ப தீபாவளிக்கு ரெண்டு ஸ்வீட்" என்றேன்.

"ஆப்பிள்தாங்க பாஸாச்சு" என்றாள் மனைவி. "நீங்க ஃபெயில்."

இதற்கு அப்பீல் கிடையாது.

தீபாவளி முடிந்து வந்த சனிக்கிழமை, எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடி, வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து சாப்பிடுவது வழக்கம். இந்த வருடம் எங்கள் வீட்டுப் பண்டம் ஆப்பிள் கிரிஸ்ப் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு அட்டை வைக்கவேண்டும். அவளே எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

ஹெல்தி ஆப்பிள் கிரிஸ்ப். சர்க்கரை இல்லை, முட்டை இல்லை. என் அப்பாமேல் சோதிக்கப்பட்டது: 126. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: முதல் சோதனை செல்லாது. அப்பா கராஜில் மைசூர்பாகு சாப்பிட்டார்.

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். அதனால் என்ன, அறுபது தமிழர்களுக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக என்னை ஓரமாக அழைத்துப் போனார்கள். செய்முறை கேட்கத்தான் என்று நினைத்தேன். "பாஸ், எத்தனை நாள் கண்டுபிடிக்கலை? எந்த இடத்துல வெச்சீங்க?" என்று கேட்டார்கள். ஓவன் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அங்கிளும் மருமகளோடு வந்திருந்தார். அட்டையைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, மருமகள் காதில் விழும்படி, "ஏனுங்க தம்பி, இந்த வயசுல நாக்கை அடக்க வேண்டாமுங்களா?" என்றார். ஆமாம் அங்கிள் என்றேன்.

சாப்பாட்டு வரிசையில் நின்றேன். அதிரசம் வைத்திருந்த ஆன்ட்டி எனக்கு முன்னால் நின்றவருக்கு இரண்டு வைத்தார், எனக்குப் பின்னால் நின்றவருக்கு இரண்டு வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கு இல்லியாமே" என்றார். மைசூர்பாகுத் தட்டு நான் போனதும் நகர்ந்துகொண்டது. சரி, நமக்கென்று ஒன்று இருக்கிறதே என்று மேசையின் கடைசிக்குப் போனேன். ஆப்பிள் கிரிஸ்ப் தட்டு துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது. என்னைத் தவிர அங்கே இருந்த அத்தனை பேரும் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். மகளைச் சுற்றி நான்கு ஆன்ட்டிகள் நின்று அளவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்குத் தெரியாத ஒரு பெரிய மனுஷியைப்போல விளக்கிக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் எனக்கு இனிப்பும் வேண்டியிருந்தது. இரண்டையும் மறைத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். கோபம் ஒன்றும் இல்லை. தீபாவளி அன்றைக்கு வெறும் லேகியத்தோடு ஓட்டிவிட்டேன், இன்றைக்கு அந்த ஆப்பிளாவது ஒரு ஸ்பூன் கிடைத்திருக்கலாம் என்ற சின்ன ஏக்கம்தான். நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு இதெல்லாம் சொல்லிக்கொள்ள முடிகிற துக்கமா? வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். மகள் மாடிப்படியில் ஏறிக்கொண்டே, "அப்பா, செக் தி ஓவன்" என்றாள்.

திறந்தேன். உள்ளே இட்லி குக்கர் இருந்தது. மூடியைத் தூக்கினேன். ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் கிரிஸ்ப், தட்டோடு ஒட்டி முறுகிய ஓரத் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்து நிரப்பியிருந்தது. நின்றபடியே சாப்பிட்டேன். பின்னால் மனைவி வந்து நின்றதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மூடியை வேகமாக மூடினேன்.

"மூடாதீங்க" என்றாள். "எனக்கும் ஒரு ஸ்பூன் குடுங்க."